என் ஷெட்டை விட்டுப் போன மார்கழி

காளான் வளர்க்கிறவளுக்கு முதலாளி என்று யாரும் கிடையாது. டிவியில் வானிலை சொல்கிறவர் ஒருத்தர்தான். அவர் சிரித்த முகமாக "வறண்ட வானிலையே நிலவும்" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் வாளியோடு ஷெட்டுக்கு ஓடியிருப்பேன்.

என் பெயர் அமுதா. வேப்பம்பட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த ஷெட் ஒன்று இருக்கிறது. அதில்தான் என் தொழில். வேகவைத்த வைக்கோலைப் பிளாஸ்டிக் பையில் அடுக்கடுக்காக வைத்து, நடுநடுவே காளான் விதையைத் தூவி, இறுக்கிக் கட்டித் தொங்கவிடுவோம். அதற்குப் பெட் என்று பெயர். பெட் முழுக்க வெள்ளை இழை ஓடியதும் மொட்டு விடும், மொட்டு விரிந்தால் காசு. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்! நானும் அப்படித்தான் நம்பினேன். இந்த வெயிலில் என்னோடு சேர்ந்து வேகிறவர்கள்தான் நீங்களும், அதனால் உங்களிடம் கொஞ்சம் புலம்பினால் தப்பில்லை. ஆனால் கடைசிவரைக்கும் புலம்ப மாட்டேன், பயப்படாதீர்கள்.

கம்பெனி பஸ்

இதற்கு முன்னால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். வேலை கஷ்டமில்லை, தையல் எனக்குக் கை வந்தது. ஆனால் பாத்ரூம் போக வேண்டுமென்றால் டோக்கனுக்குக் கை நீட்ட வேண்டும். டோக்கன் வேறொருத்தியிடம் இருந்தால் அவள் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காலர் தைக்க வேண்டும். தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். சிறுநீரகத்தில் கல் வந்து மூன்று நாள் உருண்டு புரண்ட பிறகு, என் வீட்டுக்காரர் சேகரிடம் சொன்னேன்: "பிச்சை எடுத்தாலும் எடுப்பேன், அந்த பஸ்ஸில் மட்டும் இனி ஏற மாட்டேன்." அதன் பிறகுதான் காளான் வந்தது. குளிர்ச்சியான நிழலில் என் இஷ்டத்துக்கு நடந்து, என் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடித்து நான் செய்யும் வேலை. இந்த ஷெட் செத்தால் நான் மறுபடி டோக்கனுக்குக் கை நீட்ட வேண்டும். அவ்வளவுதான் என் கதை, இதற்கு மேல் இதில் சூட்சுமம் எதுவும் இல்லை.

அந்தக் கம்பெனி பஸ் இன்னமும் தினமும் காலையில் எங்கள் தெரு முனையில்தான் திரும்பும். டிரைவர் கோதண்டம் அண்ணன் நல்ல மனுஷன், ஆனால் வாய் சும்மா இருக்காது. நான் காளான் கூடையோடு ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருப்பேன். அவர் பஸ்ஸை மெதுவாக உருட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்.

"இன்னா அமுதா, நீ வருவேன்னு மூணாவது சீட்ட காலியாவே வெச்சிகினு கீறேன். எப்ப ஏறப் போற?"

எலும்பில்லாத கறி

நான் போட்டுக்கொண்டிருந்த சிப்பிக் காளானுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு திருவிழா. ஒன்று புரட்டாசி. இன்னொன்று தவக்காலம். எங்கள் தெருவில் பாதி வீடு வேதக்காரர்கள் வீடு. சாம்பல் புதனுக்கு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு கோயிலிலிருந்து திரும்பும்போதே நாலு பேர் என் வாசலில் நிற்பார்கள். முதல் ஆள் எப்போதும் எதிர்வீட்டு ரோஸ்லின் அக்காதான். ஈஸ்டர் வரைக்கும் அவர்கள் வீட்டில் கறி கிடையாது. காளானை மட்டன் மாதிரியே மசாலா அரைத்து, தேங்காய்ப் பால் விட்டு, சின்ன வெங்காயம் போட்டு ஒரு குழம்பு வைப்பார் பாருங்கள், அதன் வாசனை எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதல் மூன்று வருஷம் எனக்குக் கவலையே இல்லை. மார்கழியில் பனி விழும், தையில் காலை நேரத்தில் போர்வை தேவைப்படும், மாசி பாதி வரைக்கும் அந்தக் குளிர் ஷெட்டுக்குள் தங்கியிருக்கும். தவக்காலத்துக்கு என்று சொல்லி வைத்த மாதிரி பெட்டெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ரோஸ்லின் அக்காவின் வீட்டுக்காரர் மரியதாஸ் அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் எங்கள் வாசலுக்கு வந்தார். முகத்தில் பயங்கர யோசனை. குறை சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன்.

"அமுதா, ஒருசந்தியும் தவமும் எனக்கு மறந்தே போகுது. இதுல ஒரு எலும்ப மட்டும் போட்டுக் குடுத்தேன்னு வெச்சுக்கோ, நான் நேரா நரகத்துக்குத்தான்."

ஃபேன் யாருக்கு?

நாலாவது வருஷத்திலிருந்து கணக்கு உதைக்க ஆரம்பித்தது. மார்கழி வந்தது, கோலம் வந்தது, மைக்கில் பாட்டு வந்தது; குளிர் மட்டும் வரவில்லை. வந்தாலும் ஒரு வாரம் தலையைக் காட்டிவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும். தை பிறந்தாலே ஷெட்டுக்குள் சித்திரை வாடை. சிப்பிக் காளான் பச்சைக் குழந்தை மாதிரி. வெயில் ஆகாது, அனல் காற்று ஆகாது, ஈரம் குறைந்தால் ஆகாது. மொட்டு வரும், நுனி மஞ்சளாகும், அப்படியே கருகி நிற்கும். பார்த்தால் வயிறு எரியும்.

நானும் என்னென்னவோ செய்தேன். தரையில் ஆற்று மணல் கொட்டி நனைத்தேன். சுற்றிலும் ஈரச் சாக்கு தொங்கவிட்டேன். ஓலைக்கு மேல் இன்னொரு ஓலை. கடைசியில் வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனையும் கொண்டுபோய் ஈரச் சாக்குக்குப் பின்னால் வைத்தேன். சேகர் பட்டரவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சூட்டில் நின்றுவிட்டு வருகிற மனுஷர். வந்து பார்த்தால் ஃபேனைக் காணோம். பாயைச் சுருட்டிக்கொண்டு போய் ஷெட்டுக்குள் பெட்டுகளுக்கு நடுவே விரித்துப் படுத்துவிட்டார். ஒரு ராத்திரி இல்லை, வாரக்கணக்காக. எங்களுக்குள் பெரிய சண்டை, புருஷனை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டேன் என்று தெருவே பேசியது. ரோஸ்லின் அக்கா சமாதானம் பேச ஃபிளாஸ்கில் காபியோடு வந்தார். சேகர் படுத்தபடியே பதில் சொன்னார்.

"சண்டலாம் ஒண்ணும் இல்லக்கா. ஊட்ல எனுக்கு ஃபேன் இல்ல, காளானுக்குக் கீது. அதான் நானும் காளானா மாறிக்கலாம்னு வந்துட்டேன்."

துபாய் மாப்பிள்ளையின் கட்டில்

இப்போது சொல்லப் போகிற முட்டாள்தனத்தை ஒரு காளான்காரியால் மட்டும்தான் செய்ய முடியும். ரோஸ்லின் அக்காவின் மகன் துபாயில் இருக்கிறான். அவனுக்காக மாடியில் ஏசி ரூம் கட்டி, கட்டில் போட்டு, பூட்டி வைத்திருந்தார்கள். என் மொட்டெல்லாம் கருகுவதைப் பார்த்து அக்காவே சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "அவன் வர்றதுக்கு இன்னும் மாசக்கணக்கா ஆகும். ஏசி சும்மாதானே தொங்குது, ஒன் புள்ளைங்கள கொண்டாந்து படுக்க வை" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சேகரும் மரியதாஸ் அண்ணனுமாகப் பெட்டுகளைச் சுமந்து மாடி ஏற்றினார்கள். ஏசியைப் போட்டேன். ஆஹா! ஊட்டியே இறங்கி வந்து வேப்பம்பட்டில் உட்கார்ந்துவிட்டது என்று கும்பிட்டேன்.

ஏசி குளிரைக் கொடுக்கும், ஆனால் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். அது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. இரண்டு நாளில் மொட்டெல்லாம் அப்பளம் மாதிரி காய்ந்து விரிந்தது. பதறிப்போய், ஈரம் வேண்டுமென்று ஸ்பிரேயரால் சுவர், தரை, கட்டில், திரை எல்லாவற்றின் மேலும் அடித்துத் தள்ளினேன். அப்புறம் நடந்தது என்ன? பெட்டில் காளான் வரவில்லை. கட்டிலின் பிளைவுட் இடுக்கில் வந்தது! கொத்தாக, அழகாக, என் ஷெட்டில்கூட அப்படி ஒரு கொத்து வந்ததில்லை. நான் அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார், இடுப்பில் கை வைத்தார், "மாதாவே!" என்றார், அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கட்டில் கெட்டதற்கு இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்து மகன் வீடியோ காலில் வந்தான், அக்கா போனைக் கட்டில் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

"தம்பி, ஒன் கட்டிலு பூத்துருச்சுடா! இந்த வருஷம் ஒனக்குக் கல்யாணம் நிச்சயம்."

மெஸ் அண்ணாத்தே

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஸ்ஸுக்குக் கூடை கூடையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். புரட்டாசி மாசம் மெஸ்காரருக்குக் காளான் பிரியாணிதான் எல்லாமே. ஒரு வருஷம் புரட்டாசி வெயில் பங்குனி வெயிலைத் தோற்கடித்தது. காலையில் பறித்து, ஈரத் துணி போர்த்தி, லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் மடியில் வைத்துக்கொண்டு போனாலும், அம்பத்தூரில் இறங்கும்போது காளான் வேர்த்து, தளர்ந்து, ஒரு புளித்த வாசனை விட்டிருக்கும். அன்றைக்குக் கூடையைத் திறந்ததும் மெஸ்காரர் முகம் கோணிப்போனது. வெளியே மத்தியான சாப்பாட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள்.

அவர் நல்லா நாலு வாங்கு வாங்கினார். "இத எவன் துன்னுவான்? என் பேரு இன்னாத்துக்கு ஆவறது?" என்று கத்தினார்.  தப்பு என் கூடையில் நாறிக்கொண்டிருந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது. பார்த்தால் அவரே ஒரு தட்டில் சாம்பார் சாதம் போட்டு, பொரியல் வைத்து, பெஞ்சின் மேல் டக்கென்று வைத்துவிட்டு நின்றார். கோபம் இன்னும் போகவில்லை, முகம் கடுகடுவென்றுதான் இருந்தது.

"காளானு வாடுனா இன்னிக்குக் கத்திரிக்கா போட்டு ஓட்டிக்குவேன். நீ வாடிப் போனா எவ வந்து காளான் குடுப்பா? குந்து, மொதல்ல துன்னு."

ஏலகிரிக்காரி

திருவள்ளூரில் காளான் வளர்க்கிறவர்களுக்கு ஒருநாள் பயிற்சி போட்டார்கள். போனேன். ஒரு மேடம் சுவரில் பெரிய மேப் காட்டினார். மலைகளில் பச்சை, கீழே சமவெளியில் மஞ்சள். பட்டனை அமுக்க அமுக்க மஞ்சள் மெல்ல மலை மேல் ஏறியது. பச்சை சுருங்கிச் சுருங்கி உச்சிக்குப் போய்ச் சின்னப் பொட்டாக நின்றது. "இது ஒரு அனுமானம்தான். இப்படியும் நடக்கலாம். எந்தச் செடி, எந்தப் பறவை, எந்தப் பூச்சி எவ்வளவு குளிருக்குப் பழகியிருக்கோ, அது அந்தக் குளிரைத் தேடி மேல போக ஆரம்பிக்கும்" என்றார் மேடம். காளானும்தான் என்றார். பிறகு என்னைப் போல சமவெளிக்காரிகளுக்கு எல்லாம் ஆளுக்கொரு பாக்கெட் பால் காளான் விதை கொடுத்தார். பால் காளான் வெயில் ஊருக்கானது. எனக்குக் கோபமாக வந்தது. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால், அதை விட்டுவிட்டு வேறு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ என்கிற மாதிரி இருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஜெயந்தி என்று ஒரு பெண். ஏலகிரி மலையிலிருந்து வந்திருந்தாள், அவளும் சிப்பிக் காளான்தான். முன்பெல்லாம் மார்கழிக் குளிரில் அவள் ஷெட்டில் மொட்டே வராதாம், காளானுக்கே விறைத்துவிடுமாம். இப்போது வருஷம் முழுக்க வருகிறதாம். எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. "என் மார்கழி எங்க போச்சுன்னு தேடிக்கினு இருந்தேன். நீதான் அமுக்கி வெச்சிருக்கியா? மரியாதையா குடுத்துடு" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். என் டப்பாவிலிருந்த லெமன் சாதத்தில் பாதியை வாங்கிச் சாப்பிட்டாள், அவளுடைய கேழ்வரகு அடையில் பாதியை எனக்குத் தந்தாள். சாப்பிட்டுக்கொண்டே சுவரில் இருந்த அந்த மேப்பைப் பார்த்தாள். அந்தச் சின்னப் பச்சைப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, கீழ இருந்து இந்தக் காளான நீ எங்கிட்ட தள்ளி விட்டுட்ட. நாளைக்கு எனக்கும் வெயில் வந்தா நான் யாருகிட்ட தள்ளறது? எனக்கு மேல வானந்தான் இருக்குது."

மாற்றாந்தாய்

போன தை மாசம்தான் மொத்தமாக விழுந்தேன். தவக்காலத்துக்காக ஷெட் நிறைய சிப்பிப் பெட் போட்டிருந்தேன். தை முழுக்க அனல். ஒரு காலையில் கதவைத் திறந்தால் வாடை வேறு மாதிரி இருந்தது. பெட்டெல்லாம் வெள்ளைக்குப் பதில் பச்சை. பூஞ்சை. ஒன்றில் வந்தால் எடுத்து எறிந்து மற்றதைக் காப்பாற்றலாம். இது ஒரு வரிசை விடாமல் வந்திருந்தது. மணல் மேல் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் என்ன இதில், ஓவென்றுதான் அழுதேன். அன்றைக்கே தெரு முனைக்குப் போய்க் கோதண்டம் அண்ணனிடம் "திங்கக்கெழமையிலேர்ந்து வரேண்ணே" என்று சொன்னேன். தினமும் கிண்டல் பண்ணுகிற மனுஷர் அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினார். அவர் கிண்டல் பண்ணியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலாமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் சேகரும் கெட்ட பெட்டுகளை எல்லாம் இழுத்து வெளியே குப்பைக் குழியில் போட்டோம். மேற்கு மூலையில் தகர மறைப்பு ஒன்று உண்டு. மத்தியானம் தொட்டால் கை சுடும். அதன் பின்னால், பயிற்சியில் கொடுத்த பால் காளான் விதையை வீணாக்கக் கூடாதே என்று இரண்டு பெட் போட்டு, மேடம் சொன்ன மாதிரியே அவித்த மண்ணை மேலே பரப்பி வைத்திருந்தேன். வேண்டா வெறுப்பாகத்தான். மற்றதற்குத் தண்ணீர் அடிக்கும்போது போகிற போக்கில் அதற்கும் ஒரு வீச்சு. அதோடு சரி, திரும்பிப் பார்த்ததில்லை. அதையும் தூக்கிப் போடலாமென்று தகரத்தை நகர்த்தினேன். ஐயோ சாமி! மண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளை வெளேரென்று, கட்டை விரலைவிடத் தடிமனான காம்போடு, குடை விரித்துக்கொண்டு நிற்கிறது! ஷெட்டிலேயே அதிகச் சூடு அந்த மூலையில்தான். என் செல்லப் பிள்ளைகளெல்லாம் செத்த இடத்தில், நான் சோறே சரியாகப் போடாத பிள்ளை உதடு பிதுக்காமல் வளர்ந்து நிற்கிறது. எனக்கு மறுபடி அழுகை வந்தது, இது வேறு அழுகை. சேகர் குனிந்து ஒன்றைப் பிடுங்கி முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"அடிக்கிற வெயில்ல ஊரே எளச்சிப் போயி கெடக்குது. இவன் மட்டும் ஒடம்பு போட்டுக்கினு கீறான் பாரேன்!"

திங்கட்கிழமை

ஆனாலும் இரண்டு பெட்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியுமா? ராத்திரி முழுக்க யோசித்தேன். காலையில் டிபன் பாக்ஸ் கட்டவில்லை. ஒரு துணிப் பையில் அந்தப் பால் காளானில் பாதியைப் போட்டுக்கொண்டு தெரு முனைக்குப் போனேன். பஸ் வந்தது. கதவு திறந்தது. மூன்றாவது சீட் நிஜமாகவே காலியாக இருந்தது, யாரோ தூசு தட்டித் துடைத்துக்கூட வைத்திருந்தார்கள்.  "அண்ணே, மன்னிச்சிக்கோங்க. இன்னும் ஒரே ஒரு தடவ முயற்சி பண்ணிப் பாக்கறேன். இத ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று பையை அவர் மடியில் வைத்தேன். அவர் அதை சீட்டுக்குப் பின்னால் மாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

அவ்வளவுதான் செய்தார், மாட்டியதையே மறந்துவிட்டார். கம்பெனி வாசலில் மொட்டை வெயிலில் ஷிஃப்ட் முடியும்வரை பஸ் நின்றது. உள்ளே அடுப்பு மாதிரி இருந்திருக்கும். சிப்பிக் காளானாக இருந்தால் பை சொட்டியிருக்கும், வாடை இறங்க வாரமாகியிருக்கும். மறுநாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். தெரு முனையில் திரும்ப வேண்டிய பஸ் திரும்பாமல் நேராக எங்கள் தெருவுக்குள் வந்து என் வீட்டு வாசலிலேயே நின்றது. ஜன்னலெல்லாம் தலை. கோதண்டம் அண்ணன் இறங்கி வந்தார். ஏதோ ஆகிவிட்டது, அவர் வீட்டில் யாருக்காவது வயிற்றைக் கலக்கிவிட்டது என்று நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"நாள் பூரா வெயில்ல கெடந்துச்சி அமுதா, சாய்ங்காலம் எடுத்துப் பாத்தா காலைல பொறந்த கொழந்த கணக்கா கீது! குடும்பமே துன்னோம். இவளுங்க கேட்டுட்டு வுட மாட்டேன்றாளுங்க, எல்லாருக்கும் வோணுமாம்."

மலையிலிருந்து ஒரு போன்

இப்போது ஷெட்டில் முக்கால்வாசி பால் காளான்தான். ஓலையைப் பாதி பிரித்துவிட்டு, சூடு தங்கட்டும் என்று நீலத் தார்ப்பாய் போட்டிருக்கிறேன். டேபிள் ஃபேன் வீட்டுக்குத் திரும்பிவிட்டது, சேகரும்தான். மார்கழி என்றைக்காவது விருந்தாளியாக எட்டிப் பார்த்தால் அந்த நாலு நாளுக்கு மட்டும் ஒரு வரிசை சிப்பி. ரோஸ்லின் அக்கா பால் காளானில் குழம்பு வைத்தார். மரியதாஸ் அண்ணன் இதைத் தின்றால் நரகம் இன்னும் பக்கம் என்றார். மெஸ்ஸுக்கும் போகிறது, மெஸ்காரர் இப்போது கத்துவதற்குக் காரணம் தேடுகிறார். ஜெயந்தியிடம் எல்லாவற்றையும் போனில் சொல்லுவேன். அவளும் என்னைவிடச் சத்தமாகச் சந்தோஷப்படுவாள். போன வாரம் அவளாகவே கூப்பிட்டாள். பிள்ளைகள் படிப்பு, மாடு கன்று போட்டது, பலாப்பழத் திருட்டு எல்லாம் பேசினாள். போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்தபோது, குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. விதை நானே கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

"அக்கா, அந்தப் பால் காளான் விதை எங்க கெடைக்கும்? ஒண்ணுமில்ல, சும்மாதான் கேக்கறேன்."

மூன்றாவது சீட்

கம்பெனிப் பெண்கள் காலையில் போனால் இருட்டித்தான் வீடு திரும்புவார்கள். அந்த நேரத்தில் கடையில் நல்ல காய் எதுவும் இருக்காது. என்னோடு காலர் தைத்தவர்கள்தான் பாதிப் பேர், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். இந்தக் காளான் நாள் முழுக்க அசையாமல் இருக்கும் என்று தெரிந்ததும் பழக்கம் மாறிவிட்டது. நான் காலையில் பறித்துக் கட்டுக் கட்டாகக் கூடையில் அடுக்கி வைத்துவிடுவேன். தெரு முனையில் பஸ் நிற்கும். உள்ளேயிருந்து இரண்டு கை வந்து கூடையை வாங்கிக்கொள்ளும். சாயங்காலம் இறங்கும்போது ஆளுக்கொரு கட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். வழியில் மற்ற ஷிஃப்ட்காரிகளும் கேட்கிறார்களாம். வெறுங்கூடை ராத்திரி என் வாசலுக்கு வந்துவிடும், சில நாள் உள்ளே யாராவது ஒரு முழம் மல்லிகைப் பூ போட்டிருப்பார்கள். நான் தினமும் பயந்த அந்த பஸ்தான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது. இதை யாரிடம் சொல்லி ஆச்சரியப்படுவது, அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நேற்று ஒரு புதுப் பெண் வேலைக்குச் சேர்ந்து பஸ்ஸில் ஏறினாள். நேராக மூன்றாவது சீட்டில் உட்காரப் போனாள். கோதண்டம் அண்ணன் திரும்பிப் பார்த்து ஒரு அதட்டு அதட்டினார், எனக்கு வெளியே கேட்டது. அந்தப் பெண் பயந்து பின்னால் போய்விட்டாள். என் கூடை ஜன்னலோரமாக, சௌகரியமாக, அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தது. அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அது ஒன் சீட்டு அமுதா. நீ வர மாட்ட, ஒன் கூடைதான் டெய்லி குந்திகினு வருது. இனிமே சீட்டு காலியா கீதுன்னு ஒன்னியக் கூப்புடவே மாட்டேன், போ!"

என்னை விட்டுப் போன மார்கழிக்கு நன்றி சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை, ஆனால் அது போன பிறகும் என்னை விட்டுப் போகாதவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கட்டு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தால் ஷெட் ஒரே நாளில் காலியாகிவிடும் என்பதால், இப்போதைக்கு ஒரு பெரிய கும்பிடோடு நிறுத்திக்கொள்கிறேன்.